ஞாயித்துக்கிழமை எங்க போறது? ஜோடியா, குடும்பமா பண்ண சேலம், நாமக்கல் பக்கம் அஞ்சு விஷயம்

(ஆடியோவில் பேசியதன் எழுத்து வடிவம் இது. படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோடை ஒரு ரோட்டுல இருந்து ஆரம்பிக்கிறேன். ஏற்காட்டுல இருந்து சேலத்துக்கு இறங்குற மலைப்பாதை. மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவு. போன வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நானும் என் வீட்டுக்காரரும் அந்த வழியா கார்ல இறங்கிட்டு இருந்தோம். அந்த 20 வளைவும் முடிஞ்சு அடிவாரம் வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசலை.

சண்டை எதுவும் இல்லைங்க. சண்டைன்னாக்கூடப் பரவாயில்லை, ஒரு காரணம் இருந்திருக்கும். ஏரியில போட்டிங் போனோம், லேடீஸ் சீட்ல நின்னு போட்டோ எடுத்தோம், மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டோம். எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா பேசுறதுக்கு எதுவுமே இல்லை. கல்யாணமாகி அப்போ மூணே வருஷம். வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்தினதும் எனக்கு நிஜமாவே பயம் வந்துடுச்சு. இப்பவே பேச ஒண்ணும் இல்லைன்னா, இன்னும் முப்பது வருஷம் என்ன பண்ணப்போறோம்?

இதுல ஏற்காட்டு மேல தப்பு இல்லை. அது எங்களுக்கு ஆறாவது தடவை. அதே ஏரி, அதே பாயிண்ட், அதே பஜ்ஜி. மத்த ஞாயிறெல்லாம் மால், பிரியாணி, தூக்கம், போன். இதைப் பத்தி யோசிச்சப்போதான் ஒரு ஆராய்ச்சி கண்ணுல பட்டுச்சு. முதல்ல அதைச் சொல்லிடுறேன். அதுக்கப்புறம் நாங்க என்னென்ன பண்ணிப் பார்த்தோம்னு சொல்றேன்.

கையையும் காலையும் கட்டிவிட்ட ஆராய்ச்சி

ஆர்தர் ஆரன்னு ஒரு அமெரிக்க உளவியல் பேராசிரியர். அவரும் அவர் கூட வேலை பார்த்தவங்களும் 1993ல ஒரு ஆய்வை வெளியிட்டாங்க. கல்யாணமான 53 ஜோடிகளை எடுத்து மூணு குழுவா பிரிச்சாங்க. ஒரு குழு வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் ‘இனிமையான’ விஷயங்களைச் சேர்ந்து பண்ணணும். இன்னொரு குழு அதே ஒன்றரை மணி நேரம் ‘பரபரப்பான’, வழக்கமா பண்ணாத விஷயங்களைப் பண்ணணும். மூணாவது குழுவுக்கு எதுவும் கிடையாது. 10 வாரம் கழிச்சுக் கேட்டப்போ, தங்களோட உறவுல திருப்தி கூடியிருந்தது பரபரப்பான குழுவுக்குத்தான். இனிமையா பொழுது போக்கினவங்களை விட இவங்க முன்னாடி நின்னாங்க.

அப்புறம் 2000ல வெளியான ஆய்வுல இன்னும் வேடிக்கை. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரோட மணிக்கட்டையும் கணுக்காலையும் ஒண்ணா கட்டிவிட்டு, மெத்தை விரிச்ச தரையில தவழ்ந்து போகச் சொன்னாங்க. நடுவுல ஒரு தடுப்பைத் தாண்டணும். கூடவே உருளைத் தலையணை ஒண்ணைக் கையாலயோ பல்லாலயோ பிடிக்காம, ரெண்டு உடம்புக்கும் நடுவுல அழுத்தி வெச்சே கொண்டு போகணும். ஏழு நிமிஷ விளையாட்டுதான். அதை முடிச்சவங்க, சும்மா ஒரு பந்தை உருட்டிட்டு வந்த ஜோடிகளை விட, தங்களோட உறவைப் பத்தி நல்லதா பதில் சொன்னாங்க.

ஏன் இப்படி? பழகின இடத்துக்குப் போனா நமக்குப் பழகின முகத்தைத்தான் காட்டுறோம். புதுசா ஒண்ணு பண்ணும்போது தடுமாறுவோம், பயப்படுவோம், சிரிப்போம். அப்போ பக்கத்துல இருக்கிற ஆள்ல நமக்குத் தெரியாத ஒரு ஆள் வெளியே வருவாங்க. பேச்சு அங்க இருந்துதான் ஆரம்பிக்குது.

இதை வெச்சு நாங்க வீட்டுல ரெண்டு ரூல் போட்டோம். ஒண்ணு, அந்த விஷயத்துல யாராவது ஒருத்தராவது புதுசா இருக்கணும். ரெண்டு, யாருக்கும் அது வேலையா இருக்கக் கூடாது. ரெண்டாவது ரூல் ரொம்ப முக்கியம். நம்ம வீட்டு டூர்ல என்ன நடக்கும்? அம்மாவோ அத்தையோ விடிகாலை நாலு மணிக்கு எழுந்து புளியோதரை கிளறுவாங்க. எல்லாரும் ஜாலியா போயிட்டு வருவோம். அவங்க மட்டும் திரும்பி வந்து பாத்திரம் கழுவுவாங்க. அது அவங்களுக்கு லீவு இல்லை.

ஒண்ணு: பூலாம்பட்டியில படகு

எடப்பாடி பக்கம் காவிரிக் கரையில இருக்கிற ஊர் பூலாம்பட்டி. மின்சாரம் எடுக்கக் கட்டின கதவணையால ஆறு அங்க அகலமா, குளம் மாதிரி தேங்கி நிக்கும். சுத்தி மலை, கரையில தென்னை. அதனால ‘குட்டி கேரளா’ன்னு சொல்லுவாங்க. இந்தக் கரை சேலம் மாவட்டம். எதிர்க்கரை நெருஞ்சிப்பேட்டை, ஈரோடு மாவட்டம். நடுவுல விசைப்படகு ஓடுது. டூரிஸ்ட்டுக்காக விட்ட படகு இல்லை அது. ஊர்க்காரங்க வேலைக்கும் கடைக்கும் போக, பைக்கோட ஏறிப் போற படகு.

இங்க நாங்க அத்தை, மாமாவையும் கூட்டிட்டுப் போனோம். மாமாவுக்கு ராசிபுரம் பக்கம். முப்பது வருஷம் லாரி ஓட்டினவர். குஜராத், பஞ்சாப், அசாம்னு அவர் போகாத ரோடு இல்லை. ஆனா வீட்டுல எல்லாரோடவும் சேர்ந்து எங்கேயும் போனது கிடையாது. படகுல ஒரு காலை வெச்சவர் அப்படியே நின்னுட்டார். “இது கவுந்துராதா அம்மணி?”ன்னு என்கிட்ட கேக்குறார். அவருக்குத் தண்ணின்னா பயம்னு என் வீட்டுக்காரருக்கே அன்னைக்குத்தான் தெரியும். அத்தை ஒண்ணுமே பேசாம அவர் கையைப் பிடிச்சு உள்ள உட்கார வெச்சாங்க. எதிர்க்கரை போய்ச் சேர்ற வரைக்கும் விடலை. திரும்பி வரும்போது மாமா பேச ஆரம்பிச்சார். ஒரு ராத்திரி வெள்ளத்துல பாலத்தைத் தாண்டின கதை. அவரோட மகன் கேட்டிராத கதை அது.

கவனிக்க வேண்டியது: மேட்டூர்ல உபரித் தண்ணி அதிகமா திறந்துவிட்டா படகை நிறுத்திடுவாங்க. கிளம்புறதுக்கு முன்னாடி நியூஸ் பாருங்க. தெரியாத இடத்துல ஆத்துல இறங்கவே இறங்காதீங்க. சாப்பாடு கட்டிட்டுப் போகாதீங்க, அங்கேயே சாப்பிடுங்க. அத்தைக்கு அன்னைக்கு லீவு!

ரெண்டு: மூக்கனேரியில 15 நிமிஷம்

சேலம் கன்னங்குறிச்சியில இருக்கு மூக்கனேரி. 2010ல சேலத்து மக்கள் சேர்ந்து தூர்வாரின ஏரி. வாரின மண்ணை வெளியே கொண்டு போய்க் கொட்டாம, ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டா போட்டு மரம் நட்டாங்க. இப்போ அந்தத் திட்டுகள் பறவைகளுக்கு வீடு.

செலவே இல்லாத விளையாட்டு இது. காலையில ஆறரை மணிக்குப் போங்க. கரையில ஒரே இடத்துல 15 நிமிஷம் நில்லுங்க. ஒருத்தர் பார்த்துச் சொல்லணும், இன்னொருத்தர் எழுதணும். என்ன பறவை, எத்தனை. மடையான், நீர்க்காகம், நாமக்கோழி, முங்கி முங்கி எழுற முக்குளிப்பான், இதெல்லாம் ஆரம்பிக்கிறவங்களுக்கு ஈஸி. பேர் தெரியலையா? மெர்லின்னு ஒரு இலவச ஆப் இருக்கு. போட்டோவை வெச்சும் சத்தத்தை வெச்சும் பேர் சொல்லும். எண்ணினதை இ-பேர்டு தளத்துல ஏத்தினா, உலகம் முழுக்க ஆராய்ச்சி பண்றவங்க அதைப் பயன்படுத்துவாங்க. தமிழ்நாட்டுல பொங்கல் லீவுல இதுக்குன்னே ‘பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு’ நடக்குது. பிப்ரவரியில உலக அளவுல நாலு நாள் கணக்கெடுப்பு வரும். ரெண்டுலயும் யார் வேணாலும் சேரலாம்.

இதுல எனக்குப் பிடிச்சது, போன் கையில இருக்கும், ஆனா ரெண்டு பேர் கண்ணும் ஒரே பக்கம் பார்க்கும்.

மூணு: தாரமங்கலத்துல தேடல்

சேலத்துல இருந்து ஒரு மணி நேரத்துக்குள்ள போயிடலாம். கெட்டி முதலிகள் கட்டின கைலாசநாதர் கோயில். சாமி கும்பிட்டுட்டு உடனே கிளம்பிடாதீங்க. போறதுக்கு முன்னாடியே ஒரு லிஸ்ட் எழுதி எடுத்துட்டுப் போங்க. யாளி வாய்க்குள்ள உருளுற கல் பந்து, அதை உருட்டலாம், ஆனா வெளியே எடுக்க முடியாது. கல்லுல செதுக்கின சங்கிலி. அப்புறம் ராமர், வாலி சிற்பம். ராமர் இருக்கிற தூண்கிட்ட நின்னு பார்த்தா வாலியும் சுக்ரீவனும் சண்டை போடுறது தெரியும். வாலி தூண்கிட்ட நின்னா ராமர் தெரியமாட்டார். ராமாயணத்துல மறைஞ்சு நின்னு அம்பு விட்டாரே, அதைத் தூண்களோட இடத்தை வெச்சே காட்டியிருக்காங்க.

ஜோடியா போனா ஒருத்தர் ராமர் பக்கம், ஒருத்தர் வாலி பக்கம் நில்லுங்க. குழந்தைகள் இருந்தா ரெண்டு டீம் பிரிச்சிடுங்க. முதல்ல கண்டுபிடிக்கிற டீமுக்கு ஐஸ்கிரீம்.

நாலு: சங்ககிரி, நாங்க சொதப்பின கதை

எல்லாமே நல்லா போச்சுன்னு சொன்னா அது பொய். சங்ககிரி மலைக்கோட்டை நல்ல ஏற்றம். வரிசையா மதில் மேல மதில், வாசல் மேல வாசல். தீரன் சின்னமலையை 1805ல வெள்ளைக்காரங்க தூக்குல போட்டது இங்கதான். நாங்க போனது மே மாசம், காலையில 11 மணிக்கு! ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு பாட்டில் தண்ணி. பாதி ஏறுறதுக்குள்ள தண்ணி காலி. “தண்ணி எடுக்கச் சொன்னேனில்ல?” “நீதான எடுக்கணும்!” அப்படியே சண்டை போட்டுக்கிட்டே இறங்கி வந்துட்டோம்.

புதுசா இருந்தா மட்டும் போதாது, உடம்பு தாங்கணும்னு அன்னைக்குப் புரிஞ்சுச்சு. டிசம்பர், ஜனவரியில போங்க. விடிஞ்சதும் ஏறிடுங்க. ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி. முட்டி வலி இருக்கிற பெரியவங்களை இதுக்கு இழுக்காதீங்க. நாங்க ஜனவரியில திரும்பப் போய் உச்சி வரைக்கும் ஏறினோம். ஏறினதை விட, மே மாசம் பாதியில இறங்கினதைத்தான் இன்னைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறோம்.

அஞ்சு: வெளியே போக முடியாத நாளுக்கு

மழை, வெயில், மாசக் கடைசி. வீட்டுலேயே ரெண்டு விஷயம் இருக்கு.

முதல்ல ஆடு புலி ஆட்டம். சாக்பீஸ்ல கட்டம் வரைஞ்சா போதும். 3 புலி, 15 ஆடு. புலி ஆட்டைத் தாண்டினா ஆடு காலி. ஆடுங்க எல்லாம் சேர்ந்து புலியை நகர விடாம அடைச்சா ஆடுங்க ஜெயிச்சது. செஸ் மாதிரி ரெண்டு பக்கமும் சமமான படை கிடையாது. தனி ஆட்டால புலியை ஒண்ணும் பண்ண முடியாது, கூட்டமா நின்னாத்தான் ஜெயிக்கும். எங்க வீட்டுல அத்தைதான் புலி. நாங்க ரெண்டு பேரும் ஒரே டீமா ஆடு. ஒவ்வொரு காயை நகர்த்தவும் நாங்க கலந்து பேசியே ஆகணும். அந்தத் தலையணை ஆராய்ச்சியும் இதுவும் ஒண்ணுதான். அத்தையை நாங்க ஜெயிச்சது இதுவரைக்கும் ரெண்டே தடவை.

அடுத்தது தட்டுவடை செட்டு போட்டி. நம்ம சேலத்து ஆளுங்களுக்கு விளக்கவே வேண்டாம். மத்தவங்களுக்காகச் சொல்றேன்: ரெண்டு தட்டுவடைக்கு நடுவுல கார சட்னி, புதினா சட்னி, துருவின கேரட், பீட்ரூட், வெங்காயம். தட்டுவடையைக் கடையில வாங்கிக்கோங்க, மத்ததை வீட்டுல பண்ணணும். ஒரே ஒரு கண்டிஷன். தினமும் சமைக்கிறவங்க சமையல்கட்டுக்குள்ள வரக்கூடாது. அவங்கதான் ஜட்ஜ். எங்க வீட்டுல மாமா முதல் தடவையா மிக்ஸியை ஓட்டினார். மூடியை அழுத்திப் பிடிக்கணும்னு அவருக்குத் தெரியாது. சுவர்ல பச்சைக் கறை இன்னும் இருக்கு. அத்தை உட்கார்ந்த இடத்துலயே “உப்பு பத்தலை”ன்னு மார்க்கைக் குறைச்சப்போ அவங்க முகத்தைப் பார்க்கணுமே!

கடைசியா

இதையெல்லாம் பண்ணினா எல்லாப் பிரச்சினையும் தீர்ந்துடும்னு நான் சொல்லலை. பெரிய மனஸ்தாபம் இருக்கிற இடத்துல படகும் தட்டுவடையும் ஒண்ணும் பண்ணாது. அதை உட்கார்ந்து பேசித்தான் ஆகணும். நான் சொல்றது, எந்தப் பிரச்சினையும் இல்லாமலே பேச்சு வத்திப்போற வீடுகளுக்கு. எல்லா வாரமும் வேண்டாம், மாசத்துல ஒரு ஞாயிறு போதும். வாரத்துக்கு ஒன்றரை மணி நேரமே அந்த ஆராய்ச்சியில வித்தியாசத்தைக் காட்டியிருக்கு.

போன மாசம் திரும்ப ஏற்காடு போனோம், ஏழாவது தடவை. இந்தத் தடவை போட்டிங் போகலை. ரோட்டோரம் பத்திரமான இடமா பார்த்து வண்டியை நிறுத்தி, 15 நிமிஷம் பறவை எண்ணினோம். இறங்கும்போது, நாங்க பார்த்தது பருந்தா வல்லூறான்னு விவாதம். அடிவாரம் வந்தும் முடியலை. வல்லூறுன்னு நான் இன்னும் சொல்றேன்.

இந்த வாரம் உங்க வீட்டுல யாரோட எதைப் புதுசா பண்ணப்போறீங்கன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. சொதப்பினா கட்டாயம் அனுப்புங்க, அதுதான் கேக்க நல்லா இருக்கும். அடுத்த எபிசோட்ல பார்ப்போம், வரட்டுங்களா?