அத்திப்பழத்து அடையும் ஐஸ் ஒத்தடமும்

எசேக்கியா ராஜாவின் விண்ணப்பத்தைக் கேட்ட தேவன், அவருடைய பிளவையின்மேல் அத்திப்பழத்து அடையைப் பற்றுப்போடவும் செய்தார் (2 இராஜாக்கள் 20). ஜெபமும் சிகிச்சையும் ஒன்றுக்கொன்று விரோதமானவை அல்ல.

வேலைத்தலத்தில் கணுக்கால் பிசகினால் உடனே வெந்நீர் ஒத்தடமும் எண்ணெய் உருவுதலும் வேண்டாம். முதல் 2, 3 நாட்களில் அவை வீக்கத்தைக் கூட்டும். கிரேப் பேண்டேஜ் சுற்றி, காலை உயர்த்தி வையுங்கள். ஊன்றி 4 அடி நடக்க இயலாவிட்டால் எக்ஸ்ரே அவசியம்.

வலி தணிய, துணியில் சுற்றிய ஐஸ்கட்டியை 15 நிமிடம் வைக்கலாம். ஆனால் ஓய்வையும் ஐஸையும் 1978-இல் பிரபலப்படுத்திய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின், அவை குணமடைதலைத் தாமதப்படுத்தக்கூடும் என்று 2014-இல் தாமே திருத்திக் கூறினார். ஆகவே மருத்துவர் அனுமதித்ததும் காலை மெல்ல அசைக்கத் தொடங்குங்கள்.

பிசியோதெரபியில் டென்ஸ் கருவியின் மின்தூண்டல் வலியை மட்டுமே தணிக்கும். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் அதை முன்னமே தெரிவிக்கவேண்டும். தசைக்குப் பெலன் தருவது அனுதினப் பயிற்சியே. வலி நின்றவுடன், கூலி போகிறதே என்று பயிற்சியை விட்டுவிடும் சகோதரரே, பெலனற்ற அதே கால் மறுபடியும் பிசகும். அப்பொழுது இழக்கும் கூலி இன்னும் அதிகம். சபையாரே, அப்படிப்பட்டவருக்காக ஜெபிப்பதோடு, அவர் வீட்டு அரிசிப் பானையையும் விசாரியுங்கள்.