டிரையர் சுத்துது, துணி காயலை: ஏன்?

ஆடி மாசம் மூலனூர்ப் பக்கம் வந்திருந்தால் தெரியும். காலையில் கொடியில் போட்ட வேட்டி மதியத்துக்குள் மொடமொடன்னு காய்ஞ்சு கிடக்கும். அவ்வளவுக்கும் வெயில் பெருசா இருக்காது, வானம் பாதி மூடித்தான் இருக்கும். வேலையைச் செய்வது பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காத்து. தாராபுரம் சுத்துவட்டாரத்தில் இத்தனை காற்றாலைகள் நிற்பதும் அதை நம்பித்தான். அதே வேட்டி ஐப்பசியில் ரெண்டு நாள் தொங்கினாலும் ஈரவாடை போகாது. காத்து நின்னு போச்சு, இருக்கிற காத்தும் ஏற்கெனவே ஈரம் குடிச்சிருக்கு.

துணி காய வெப்பம் மட்டும் போதாது, ஈரத்தை வாங்கிக்கொண்டு வெளியே போகிற காற்றும் வேண்டும். வீட்டு டிரையர் ரிப்பேரில் பெரும்பகுதி இந்த ஒரு விஷயத்தில் அடங்கிவிடும்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். செமி ஆட்டோமேட்டிக் மெஷினில் பக்கத்துத் தொட்டியையும் நாம் டிரையர் என்றுதான் சொல்கிறோம். அது பிழியும், காய வைக்காது. திருப்பூர் சாயப்பட்டறைகளில் இந்த ரெண்டும் தனித்தனி வேலை: ஹைட்ரோ எக்ஸ்ட்ராக்டரில் சுத்திப் பிழிந்த பிறகுதான் துணி டிரையருக்குப் போகும். காரணம் செலவு. ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்கக் குறைந்தது 0.65 யூனிட் கரண்ட் வேண்டும். பிழிந்தே வெளியேற்ற அதில் ஒரு சின்னப் பங்கு போதும்.

எனவே "டிரையர் சரியில்லை" என்று முடிவு கட்டுவதற்கு முன் ஒரு தராசை எடுங்கள். காய்ந்த நிலையில் 4 கிலோ இருந்த பருத்தித் துணி, வாஷிங் மெஷினிலிருந்து வரும்போது 6 கிலோ இருந்தால் உள்ளே 2 லிட்டர் தண்ணீர். 2000 வாட் ஹீட்டருக்கு அது குறைந்தது 40 நிமிட வேலை. 8 கிலோ இருந்தால் 4 லிட்டர், அதாவது 80 நிமிடம். வீணாகும் வெப்பத்தையும் சேர்த்தால் இன்னும் கூடும். இந்த ரெண்டாவது கேஸில் கோளாறு வாஷிங் மெஷினில், பாவம் டிரையர் மேல் பழி.

அடுத்து வோல்டேஜ். ஹீட்டரின் சக்தி வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட்டில் 2000 வாட் தரும் ஹீட்டர், 190 வோல்ட்டில் சுமார் 1365 வாட்தான் தரும். மோட்டார் வழக்கம்போல் சுத்தும், லைட் எரியும், துணி மட்டும் காயாது. கிராமத்து லைனில் சாயங்காலம் ஓட்டிப் பார்த்துவிட்டு மெஷினைக் குறை சொல்வதற்கு முன், மல்டிமீட்டரால் பிளக்கில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. மெஷின் ஓடும்போதே பார்க்க வேண்டும். லோடு இல்லாதபோது நல்ல வோல்டேஜ் காட்டும்.

இந்த ரெண்டும் சரி என்றால், காற்று போகும் வழி. 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 60 டிகிரியில் 130 கிராம். ஹீட்டர் காற்றின் பையைப் பெருசாக்கிக் கொடுக்கிறது. ஆனால் நிரம்பிய பை வெளியே போனால்தானே அடுத்த பை உள்ளே வரும்? பார்க்க வேண்டிய இடங்கள் மூணு:

பஞ்சு வடிகட்டி. ஒவ்வொரு தடவையும் பஞ்சை வழித்து எடுத்தாலும், துணி மென்மையாக்கும் திரவம் வலையில் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படியும். வலைமேல் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தேங்கி நின்றால் சோப்பும் பழைய டூத் பிரஷும் போட்டுக் கழுவ வேண்டும்.

வெளியேற்றும் குழாய். மடிப்பு, நசுங்கல், உள்ளே அடைந்த பஞ்சு. குழாய் இல்லாத கண்டென்சர் வகையில், அதற்குப் பதில் கண்டென்சரைக் கழற்றிக் கழுவ வேண்டும்.

அறை. வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வேண்டும். கதவு ஜன்னல் எல்லாம் அடைத்த அறையில் டிரையர் மூச்சுத் திணறும்.

இதுக்கப்புறம்தான் மின்சாரப் பாகங்கள். பிளக்கைப் பிடுங்கி, ஹீட்டர் ஆறிய பிறகு, வயரைக் கழற்றி அளக்க வேண்டும். 2000 வாட் ஹீட்டர் 26 ஓம் அளவில் காட்டும், அறுந்திருந்தால் ஒன்றுமே காட்டாது. தெர்மல் ஃபியூஸ் பூஜ்யத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். தெர்மோஸ்டாட் சூடானால் துண்டித்து, ஆறினால் திரும்பச் சேரும். ஆனால் தெர்மல் ஃபியூஸ் ஒருமுறை போனால் போனதுதான், மாற்றியே ஆக வேண்டும்.

எங்கள் வீட்டில் போனது இந்த ஃபியூஸ்தான். போன ஐப்பசியில் மெஷின் சுத்தியது, சூடு வரவில்லை. வந்த மெக்கானிக் ரெண்டே நிமிடத்தில் சரியாகக் கண்டுபிடித்தார். "ஃபியூஸ் வர பத்து நாள் ஆகுங்க சார், டைரக்ட் பண்ணிடட்டுங்களா?" என்றார். வேண்டாம் என்றேன். ஃபியூஸ் சும்மா போகாது, எதனால் போனது என்று தெரிய வேண்டும். குழாயைக் கழற்றி வெளிச்சுவர்ப் பக்கம் போய்ப் பார்த்தால், வாயில் இருக்கும் மூடியை ஒட்டிக் குளவி மண்கூடு கட்டியிருந்தது. மூடி கால்வாசிதான் திறக்கிறது. அதன் பின்னால் ஒரு சாண் நீளத்துக்குப் பஞ்சு. எங்களுக்கு வருஷத்தில் ரெண்டு மூணு மாசம்தான் டிரையர் தேவைப்படும், மீதி நாள் வெயிலும் காத்தும் பார்த்துக்கொள்ளும். சும்மா கிடந்த அந்த மாசங்களில் குளவி வீடு கட்டிவிட்டது.

காற்று வெளியேறாததால் ஹீட்டரின் சூடு அங்கேயே தேங்கி, ஃபியூஸ் தன் கடமையைச் செய்து செத்திருக்கிறது. அன்று டைரக்ட் பண்ணியிருந்தால் டிரையர் சூடாகியிருக்கும், எல்லாருக்கும் சந்தோஷம். அடைப்பும் பஞ்சும் அப்படியே இருந்திருக்கும், தடுக்க மட்டும் ஒன்றும் இருந்திருக்காது.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2016 ஆகஸ்டில் லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் 18 மாடிக் குடியிருப்பு ஒன்றில் தீப்பிடித்தது. காரணம், கோளாறான ஒரு வீட்டு டிரையர் என்று தீயணைப்புத் துறை கண்டறிந்தது. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையிலான விவரங்களை வைத்து, வருஷத்துக்குச் சுமார் 2,900 டிரையர் தீ விபத்துகள் என்று கணக்கிட்டது. முதல் காரணம் சுத்தம் செய்யாதது, 34%. பருத்தி ஏலம் நடக்கும் ஊரில் பஞ்சு எப்படிப் பத்தும் என்று யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. டிரையர் குழாயில் அடைவதும் அதே பஞ்சுதான், நம் பனியனிலிருந்து உதிர்ந்தது.

பத்து நாள் காத்திருந்து புது ஃபியூஸ் போட்டோம். கூட்டை இடித்து, குழாயைச் சுத்தம் செய்தபின் முன்பு போலவே காய்கிறது. மழைக்காலம் தொடங்கும்முன், புரட்டாசியிலேயே, வெளிவாயை ஒருமுறை பார்த்துவிடுங்கள். மெஷினை ஓடவிட்டு அங்கே கையை வைத்தால் காத்து பலமாக முட்ட வேண்டும். ஃபியூஸ் போய் மெக்கானிக்கைக் கூப்பிட்டால், "எப்ப சரியாகும்?" என்பதோடு "ஏன் போச்சு?" என்றும் கேளுங்கள். அதற்குப் பதில் கிடைக்காமல் புது ஃபியூஸ் போட்டாலும், அதுவும் சீக்கிரமே போய்விடும்.