உயரம் அளக்கும் கோல் பயத்தை அளக்காது

தீம் பார்க்கில் பெரிய சவாரிகளின் வாசலில் ஓர் அளவுகோல் நிற்கும். ஊழியர் குழந்தையை அதன் அருகில் நிறுத்திப் பார்ப்பார். தலை கோட்டைத் தொட்டால் உள்ளே, தொடாவிட்டால் வெளியே. குதிகாலை எக்கி நிற்கும் பிள்ளைகளையும் “ஷூவோட சேர்த்துப் பாருங்க சார்” என்று மன்றாடும் அப்பாக்களையும் அங்கே பார்க்கலாம். தலை கோட்டைத் தொட்டதும், சவாரி தம் பிள்ளைக்கு ஏற்றதுதான் என்று பெற்றோர் நிம்மதியாகிவிடுகிறார்கள்.

அந்தக் கோடு சொல்லும் சேதி வேறு. இருக்கையின் பாதுகாப்புக் கம்பி அந்த உடம்பைச் சரியாகப் பிடித்துக்கொள்ளும் என்பதற்கு மட்டுமே அது உத்தரவாதம். உள்ளே போகிற மனசு தாங்குமா என்பது அதன் கணக்கில் இல்லை.

கலிஃபோர்னியாவில் இருக்கும் டிஸ்னிலேண்டையே எடுத்துக்கொள்வோம். இருட்டுக்குள் பாயும் ‘ஸ்பேஸ் மவுன்டன்’ ரோலர் கோஸ்டரில் ஏற 40 அங்குல உயரம் வேண்டும். அதே பூங்காவில் ஸ்நோ ஒயிட் கதையைச் சொல்லும் சவாரிக்கு உயரக் கட்டுப்பாடே கிடையாது. கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டுகூடப் போகலாம். மெதுவாக நகரும் சின்ன வண்டி அது. தலைகீழாகச் சுற்றாது, பள்ளத்தில் பாயாது. ஆனாலும் சின்னப் பிள்ளைகளை அழவைப்பதில் பேர் வாங்கியது இந்தச் சவாரிதான்.

ஸ்நோ ஒயிட் இல்லாத ஸ்நோ ஒயிட்

1955 ஜூலை 17 அன்று டிஸ்னிலேண்ட் திறக்கப்பட்டபோதே இந்தச் சவாரியும் இருந்தது. ஒரே ஒரு வினோதம்: உள்ளே ஸ்நோ ஒயிட்டைக் காணோம். வண்டியில் உட்கார்ந்திருப்பவர்தான் ஸ்நோ ஒயிட், அவள் கண்ணால்தான் நாம் காட்டையும் சூனியக்காரக் கிழவி நீட்டும் ஆப்பிளையும் பார்க்கிறோம் என்பது வடிவமைப்பாளர்களின் யோசனை. பெரியவர்களுக்கே அது பிடிபடவில்லை. ‘ஸ்நோ ஒயிட் எங்கே?’ என்று கேட்டபடி வெளியே வந்தார்கள். நான்கு வயதுப் பிள்ளைக்கு இந்த உத்தியெல்லாம் எங்கே தெரியும்? திரும்பிய பக்கமெல்லாம் இருட்டில் ஒரு சூனியக்காரி நிற்கிறாள், அவள் துரத்துவது தன்னைத்தான். அவ்வளவுதான் அதற்கு மிஞ்சியது.

1983இல் சவாரியைப் புதுப்பித்து ஸ்நோ ஒயிட் உருவத்தைச் சேர்த்தார்கள். ‘ஸ்கேரி’ என்ற சொல்லைப் பெயரிலேயே நுழைத்து, இது பயமுறுத்தும் என்று பெற்றோரை எச்சரித்தார்கள். ஃபுளோரிடாவின் டிஸ்னி பூங்காவில் 1971இல் திறக்கப்பட்ட ஸ்நோ ஒயிட் சவாரியிலும் முதலில் நாயகி இல்லை. 1994இல்தான் வந்து சேர்ந்தாள். 2012இல் அந்தச் சவாரியையே மூடிவிட்டார்கள். கலிஃபோர்னியாவில் 2021இல் மறுபடியும் மாற்றம்: பெயரிலிருந்து ‘ஸ்கேரி’ போனது, சவாரி மகிழ்ச்சியான முடிவோடு நிறைவடைந்தது. ஒரு சூனியக்காரியைச் சமாளிக்க 66 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

பெரியவர்களுக்கு ‘வெறும் பொம்மை’யாகத் தெரிவது சின்னப் பிள்ளைக்கு ஏன் அப்படித் தெரியவில்லை? இதற்கான பதில் ஒரு பூனையிடம் இருக்கிறது.

நாய் முகமூடி போட்ட பூனை

பூனையின் பெயர் மேனார்ட். அமெரிக்க உளவியலாளர் ரீட்டா டி வ்ரீஸ் 3 முதல் 6 வயது வரையிலான குழந்தைகளிடம் அதைக் காட்டி, தடவிக்கொடுக்கவும் விட்டார். பிறகு பூனையின் முன்பாதியை மட்டும் ஒரு தடுப்புக்குப் பின்னால் மறைத்து, அதன் முகத்தில் நாய் முகமூடியை மாட்டினார். வால் பக்கம் குழந்தைகளின் கண்ணெதிரேயே இருந்தது. தடுப்பை எடுத்துவிட்டு, “இப்போ இது என்ன?” என்று கேட்டார். ஆறு வயதுப் பிள்ளைகள் ஏமாறவில்லை. மூன்று வயதுப் பிள்ளைகளில் பலருக்கு அது நிஜமாகவே நாயாகிவிட்டது. 1969இல் வெளியான இந்த ஆய்வு, தோற்றம் மாறினாலும் பொருள் மாறாது என்ற அறிவு பிறவியிலேயே வருவதில்லை, வளர வளரத்தான் வருகிறது என்று காட்டியது.

இப்போது தீம் பார்க்குக்குத் திரும்புவோம். கரடி வேஷம் போட்டுக் கைகுலுக்க வருகிறவர் உங்களுக்கு வியர்வையில் நனையும் ஊழியர். மூன்று வயதுக் குழந்தைக்கு அது ஆறடிக் கரடி. குழந்தை உங்கள் காலுக்குப் பின்னால் ஒளிவதில் தப்பே இல்லை.

குழந்தைகளின் திரைப் பயங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோஆன் கேன்டர். ‘இன்கிரெடிபிள் ஹல்க்’ தொலைக்காட்சித் தொடரில் ஹல்க் நல்லவன், மற்றவர்களைக் காப்பாற்றுகிறவன். ஆனால் சாதாரண மனிதன் பச்சை உடம்போடு பூதமாக மாறும் காட்சியிலேயே மழலைகள் மிரண்டுபோவதை அவர் குழு கண்டது. கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு அந்த மாற்றம் உதவி வரப்போகிறது என்பதற்கு அடையாளம். சின்னதுகளுக்குக் கண்முன் தெரியும் உருவம்தான் எல்லாமே.

எட்டு வயதை நெருங்கும்போது கணக்கு தலைகீழாகிறது. பூதமும் சூனியக்காரியும் வேடிக்கையாகிவிடும். ‘கம்பி கழன்றால் என்ன ஆகும்?’, ‘நடுவில் கரண்ட் போனால்?’ என்பவை பயமாகும். ஆக, ஒரே சவாரியில் தம்பி பயப்படுவது ஒன்றுக்கு, அக்கா பயப்படுவது வேறொன்றுக்கு.

“அதெல்லாம் பொய்டா கண்ணா”

பயந்த பிள்ளையிடம் நாம் முதலில் சொல்வது இதைத்தான். இது வேலை செய்கிறதா என்பதையும் கேன்டர் சோதித்தார். ‘விஸார்ட் ஆஃப் ஓஸ்’ படத்தில் சூனியக்காரி வரும் காட்சியைக் காட்டுவதற்கு முன், ‘இது நிஜமில்லை, வெறும் கதை என்று நினைத்துக்கொள்’ என்று பிள்ளைகளிடம் சொல்லப்பட்டது. 9 முதல் 11 வயதினருக்கு அது கைகொடுத்தது. 3 முதல் 5 வயதினருக்குப் பயம் குறையவில்லை.

பொய் என்று தெரிந்தாலும் பயம் போவதில்லை என்பதைப் பிரிட்டன் உளவியலாளர் பால் ஹாரிஸ் குழுவினர் 1991இல் இன்னும் தெளிவாகக் காட்டினார்கள். காலிப் பெட்டியைத் திறந்து காட்டிவிட்டு, அதற்குள் ஒரு பூதம் இருப்பதாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள். குழந்தைகளும் ‘அது சும்மா, விளையாட்டுக்கு’ என்றுதான் சொன்னார்கள். ஆனால் ஆய்வாளர் அறையைவிட்டு வெளியே போகிறேன் என்றதும், நான்கு வயதுப் பிள்ளைகளில் சிலர் விடமாட்டோம் என்றார்கள்.

இதில் மூளையின் பங்கும் உண்டு. திடீர்ச் சத்தமோ கண்முன் பாயும் உருவமோ வந்தால், யோசிக்கும் முன்பே உடம்பு திடுக்கிடும். பெரியவருக்கும் அப்படித்தான். அடுத்த நொடியிலேயே நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி ‘பொம்மைதான், விடு’ என்று கடிவாளம் போட்டுவிடும். அந்தப் பகுதி முழு வளர்ச்சி அடைய இருபது வயதைத் தாண்ட வேண்டும். நான்கு வயதில் குதிரை உண்டு, கடிவாளம் இப்போதுதான் தயாராகிறது.

இறங்க முடியாத இருட்டு

அப்படியானால் பிள்ளைகளைப் பயத்திலிருந்து பொத்திப் பொத்தி வளர்க்க வேண்டுமா? தேவையில்லை. மாமா தூக்கிப்போட்டுப் பிடிக்கும்போது குழந்தை கிறீச்சிட்டுச் சிரிக்கிறது. இறக்கிவிட்டால் ‘இன்னொரு தடவை’ என்று கை நீட்டுகிறது. உயரமும் வேகமும் தரும் இந்தச் சின்னப் பயத்தைப் பிள்ளைகள் தாமாகவே தேடிப் போகிறார்கள் என்கிறார் நார்வே ஆய்வாளர் எல்லன் சான்ட்செட்டர். பயத்தைக் கையாளப் பழகும் ஒத்திகை அது.

பெரியவர்களும் இதில் விலக்கில்லை. டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு பேய் வீட்டுக்குள் போன 110 பேரின் இதயத் துடிப்பை அளந்தார்கள். 2020இல் வெளியான முடிவு: பயம் ரொம்பக் குறைந்தாலும் ரசனை இல்லை, ரொம்பக் கூடினாலும் இல்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு பதம் இருக்கிறது. பாகு காய்ச்சுவதைப் போலத்தான். அந்தப் பதம் ஆளுக்கு ஆள் மாறும்.

பதம் தப்புவது எங்கே? பெரும்பாலும், பிடி கைவிட்டுப் போகும் இடத்தில். உளவியலாளர் மேகன் கன்னர் 1978இல் வெளியிட்ட ஆய்வில், சத்தமாக ஜால்ரா தட்டும் குரங்கு பொம்மையை ஒரு வயதுக் குழந்தைகளுக்குக் காட்டினார். பொம்மை தானாகத் தட்டியபோது மிரண்ட ஆண் குழந்தைகள், அதை இயக்குவது தங்கள் கையில் இருந்தபோது ரசித்தார்கள். அதே குரங்கு, அதே சத்தம். மாமா கையிலிருந்தால் ‘போதும்’ என்று இறங்கிவிடலாம். சவாரியில் கம்பி இறங்கி வண்டி நகர்ந்துவிட்டால் ‘போதும்’ என்ற சொல்லுக்கு மதிப்பில்லை.

ஃபுளோரிடாவின் டிஸ்னி பூங்காவில் 1995இல் திறந்த ‘ஏலியன் என்கவுன்டர்’ இதற்கு நல்ல உதாரணம். அரங்கின் நடுவே ஒரு கண்ணாடிக் கூண்டு. பார்வையாளர்களின் தோளை அழுத்திப் பிடிக்கும் இருக்கைகள். வேற்றுக்கிரகப் பிராணி கூண்டை உடைத்துக்கொண்டு தப்பும்; விளக்குகள் அணையும். பிறகு கும்மிருட்டில் பிடரியில் மூச்சுக்காற்று படும், முகத்தில் ஈரம் தெறிக்கும். எச்சரிக்கைப் பலகை இருந்தது, உயரக் கட்டுப்பாடும் இருந்தது. ஆனாலும் பெற்றோரின் புகார்கள் ஓயவில்லை. 2003இல் மூடிவிட்டு, அடுத்த ஆண்டு அதே அரங்கில் ‘ஸ்டிட்ச்’ என்ற செல்லப் பாத்திரத்தை இறக்கினார்கள். பிராணி மாறியது, இருட்டும் தோளை அழுத்தும் இருக்கையும் மாறவில்லை. குழந்தைக்குப் பெரும்பாதிப் பயம் அந்த இரண்டில்தான் இருந்தது.

அம்மாவின் முகமே அறிவிப்புப் பலகை

ஒரு மேசை; மேலே தடித்த கண்ணாடி. மேசையின் பாதியைத் தாண்டியதும், கண்ணாடிக்குக் கீழே சுமார் ஓர் அடிப் பள்ளம் இருப்பதுபோலத் தெரியும். தவழ்ந்து வரும் ஒரு வயதுக் குழந்தை அந்த விளிம்பில் நின்று, எதிரே நிற்கும் அம்மாவை ஏறிட்டுப் பார்க்கும். 1985இல் வெளியான இந்த ஆய்வில், அம்மா சிரித்த முகமாக இருந்தபோது 19 குழந்தைகளில் 14 பேர் கடந்து வந்தார்கள். பயந்த முகத்தைக் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூட வரவில்லை.

எனவே, வரிசையில் நிற்கும்போது அறிவிப்புப் பலகையைவிடக் குழந்தை அதிகம் படிப்பது உங்கள் முகத்தைத்தான். ‘ஐயோ, இது பயங்கரமா இருக்குமே’ என்று பக்கத்தில் கிசுகிசுத்துவிட்டு, பிள்ளையிடம் ‘ஒண்ணும் இருக்காது, வா’ என்றால் அது எதை நம்பும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஏறுவதற்கு முன்

வேகமா, மிரட்டலா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். வேகம் பிடித்த பிள்ளைக்கு முகமூடி பிடிக்காமல் போகலாம், மறுதலையும் நடக்கும். மிரட்டல் என்றால் நான்கு விஷயங்களை விசாரியுங்கள். கும்மிருட்டு உண்டா? திடீர்ச் சத்தம் உண்டா? எதுவும் கிட்டே வந்து துரத்துமா? நடுவில் வெளியேற முடியுமா? இவற்றில் மூன்று சாதகமாக இல்லை என்றால், ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு அந்தச் சவாரியைத் தள்ளிப்போடுவதே நல்லது என்பது என் கணக்கு. ஊர்ப் பொருட்காட்சிப் பேய் வீட்டுக்கும் இதே கேள்விகள் பொருந்தும். நடந்து போகிற பேய் வீட்டில் திரும்பி வர வழியாவது இருக்கும். வண்டியில் போகிறதில் அதுவும் இல்லை.

முன்கூட்டியே காட்டிவிடுவது பலன் தரும். ஹல்க்காக நடித்தவருக்குப் பச்சைச் சாயம் பூசும் காட்சியைப் பார்த்த பிள்ளைகளுக்குப் பயம் குறைந்ததைக் கேன்டர் குழு கண்டது. பல சவாரிகளின் காணொளிகள் இன்று கைபேசியிலேயே கிடைக்கின்றன. வீட்டில், பகல் வெளிச்சத்தில், சத்தத்தைக் குறைத்துவைத்து, நிறுத்தும் பொத்தானைப் பிள்ளையின் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முடிந்ததும் ‘இன்னொரு தடவை’ என்றால் வரிசையில் நிற்கலாம். எழுந்து போய்விட்டால் பதில் கிடைத்துவிட்டது. சந்தேகமிருந்தால் உங்களில் ஒருவர் முதலில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

உள்ளே அழாமல் இருப்பதைத் தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். காதைப் பொத்திக்கொண்டு, உடம்பு விறைத்து, பேச்சில்லாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளை கத்துகிற பிள்ளையைவிடக் கூடுதலாகப் பயந்திருக்கலாம். வெளியே வந்ததும் விளக்கம் வேண்டாம். முதலில் மடி, பிறகு தண்ணீர், பிறகுதான் பேச்சு. சின்ன வயதில் இறுக்கி அணைப்பது செய்கிற வேலையைத் தர்க்கம் செய்யாது.

‘பயந்தால் என்ன, மறந்துவிடும்’ என்பவர்களுக்கு ஒரு தகவல். சிறுவயதில் திரையில் பார்த்து மிரண்டதைப் பற்றிக் கல்லூரி மாணவர்களிடம் ஹாரிசன் என்ற ஆய்வாளரும் கேன்டரும் கேட்டார்கள். 1999இல் வெளியான அந்த ஆய்வில் 90 சதவீதத்தினர் அப்படி ஒன்றை நினைவுகூர்ந்தார்கள். நான்கில் ஒருவருக்கு அதன் சுவடு இன்னும் போகவில்லை. திரையிலாவது கண்ணை மூடிக்கொள்ளலாம், எழுந்து போகலாம்.

டிக்கெட் எடுத்தாயிற்று, காசு வீண், ஆம்பளப் பிள்ளை பயப்படலாமா என்ற மூன்று காரணங்களுக்காகத்தான் பெரும்பாலான பிள்ளைகள் இழுத்துக்கொண்டு போகப்படுகிறார்கள். மூன்றுமே பெரியவர்களின் காரணங்கள். பிள்ளை வேண்டாம் என்றால் வரிசையிலிருந்து விலகி, பக்கத்தில் குடைராட்டினத்தில் ஏற்றிவிடுங்கள். பேய் வீடு அடுத்த வருஷமும் அங்கேதான் இருக்கும். அப்போது மறுபடி கேளுங்கள். ஒருவேளை பிள்ளையே உங்கள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போகும்.