புல்லுக்கும் ஒரு பேரேடு உண்டு

அம்மாபேட்டையில் நாற்பது ஆண்டுகளாகப் புண்ணாக்கு, தவிடு, பருத்திக்கொட்டை மொத்த வியாபாரம் செய்து வருகிறேன். சென்ற கோடையில் கல்லூரி மாணவி ஒருவர் கடைக்கு வந்தார். மேய்ச்சல் நிலத்தின் வரவு செலவை ஆராய்கிறாராம்.

"ஐயா, மழை தவறிய ஆண்டில் விற்பனை எப்படி? கடன் எவ்வளவு நின்றது?" என்றார்.

"ஏம்மா, புல்லுக்கும் என் கணக்குக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டேன்.

அவர் கொரங்காட்டைப் பற்றிச் சொன்னார். காங்கேயம், தாராபுரம், கரூர்ப் பக்கத்தில் மானாவாரி நிலத்தை உழாமல் மேய்ச்சலுக்கென்றே விட்டிருப்பார்கள். சுற்றிலும் கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம். கோடையில் உதிரும் வெள்வேலங்காய் ஆட்டுக்குத் தீனி. காங்கேயம் மாடுகள் வளர்ந்ததே இந்தக் காடுகளில்தான். நம் மேச்சேரி ஆட்டுக்கும் மேய்ச்சல்தான் ஆதாரம்.

பேரேட்டைப் புரட்டினோம். 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தபோது எனக்கு விற்பனை ஏறியது. அந்த ஆண்டை நல்ல ஆண்டு என்றே நினைத்திருந்தேன். ஆனால் புல் இல்லாமல் மூட்டை மூட்டையாக வாங்கியவர்கள் கடைசியில் மாட்டை விற்றுவிட்டார்கள். பாக்கி அப்படியே நின்றது, வாடிக்கையும் போயிற்று. சொந்த மேய்ச்சல் காடு உள்ளவர்கள் குறைவாகத்தான் வாங்கினார்கள். ஆனால் கணக்கைத் தீர்த்தார்கள், இன்றும் வருகிறார்கள்.

கெட்ட காட்டை மீட்கலாமே என்றேன். அங்கேதான் முதல் பிரச்சினை என்றார். சீமைக் கருவேலத்தை வெட்டினால் மட்டும் போதாது, வேரோடு எடுக்க வேண்டும். புல் விதைத்து, அது விதை உதிர்க்கும்வரை மேய்க்காமல் காக்க வேண்டும். அதுவரை ஆட்டுக்குத் தீவனம் விலைக்குத்தான். இந்த இடைக்கால நஷ்டத்தை யார் தாங்குவது என்பதே அவருடைய ஆராய்ச்சி.

குஜராத்தின் பன்னி புல்வெளியிலும் இதே கதை. 1960களின் தொடக்கத்தில் உப்பு நிலம் பரவாமல் தடுக்கச் சீமைக் கருவேலத்தை விதைத்தார்கள். அது புல்வெளியையே விழுங்கியது. கரிமூட்டத்தில் சிலருக்கு வருமானம் உண்டு. ஆனால் எருமைப் பாலை நம்பியவர்களுக்கு மேய்ச்சல் சுருங்கியது. நம் மாநில அரசும் 2022இல் அன்னியத் தாவரங்களை அகற்றக் கொள்கை வெளியிட்டது.

வியாபாரத்தில் முதல் போட்டு, பொறுத்திருந்து லாபம் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. காட்டை மீட்கும் வாடிக்கையாளருக்கு அந்த ஓராண்டுத் தவணையைச் சற்று நீட்டிக் கொடுத்தால் அது தர்மமல்ல, நம் பாக்கிக்கு நாமே போடும் வேலி. இருவருக்கு நான் அப்படிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த மழைக்குப் பின் கணக்கைப் பார்த்துச் சொல்கிறேன்.