தோட்டப்புறத்திற் செய்மதி வானொலி: அன்ரனாத் தெரிவு பற்றிச் சில குறிப்புகள்

அமெச்சூர் வானொலியாளர் உருவாக்கிய முதலாவது செய்மதியான ஓஸ்கார் 1, 1961 டிசம்பர் 12ஆம் திகதி விண்ணில் ஏவப்பட்டது. பொழுதுபோக்காளரின் கூட்டுழைப்பிற் பிறந்த அது, அமெரிக்க விமானப் படையின் ரொக்கற்றிலேயே ஏறிச் சென்றமை நோக்கத்தக்க முரண்பாடாகும்.

இத்தகைய சமிக்ஞைகளை வீட்டிலிருந்து கேட்பதற்கு எவ்வகை அன்ரனா பொருத்தமானது? கைந்நூல்கள் இதனை வெறும் நுட்பப் பிரச்சினையாகவே காட்டுவன. வாசகருக்குச் சொந்தக் கூரையும் திறந்த அடிவானமும் உண்டென்பது அவற்றின் சொல்லப்படாத எடுகோள். இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் இவ்விரண்டுமே கேள்விக்குரியன.

முதலில் நிலத்தோற்றத்தை நோக்குவோம். சர்வதேச விண்வெளி நிலையத்து வீரர்கள் பாடசாலை மாணவருடன் உரையாடுங் குரல் 145.800 மெகாஹேட்சில் வரும். அதன் அலைநீளம் ஏறத்தாழ 2 மீற்றர். அரை மீற்றர் நீளமுள்ள நிமிர்ந்த கால் அலைக் கம்பி மலிவானது. ஆயின் அது அடிவானத்துப் பக்கமே நன்கு கேட்கும். தலைக்கு நேர்மேலே பெரும்பாலுஞ் செவிடு. யட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பள்ளத்தாக்குகளில் அடிவானத்தை மலையும் இறப்பர் மரங்களும் மறைப்பதால், செய்மதி உயரே வருஞ் சில நிமிடங்களே பயன்படுவன. கேட்கவேண்டிய திசையிலேயே இக்கம்பி செவிடாகின்றது.

கிடையாகக் குறுக்கிட்டு நிற்கும் இரு அரையலைக் கம்பிகள் மேல்நோக்கி நன்கு கேட்கும், திருப்பவேண்டியதுமில்லை. ஆனால், நிலையாகப் பொருத்துவதற்கு இடம் வேண்டும். இங்குதான் சொத்துறவு குறுக்கிடுகின்றது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மீண்டுங் கம்பனிகளிடஞ் சென்றது. லயன் கூரையோ பெரும்பாலும் அதன் கீழ் வாழ்வோருக்கு உரியதாகவில்லை. மேலும், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இடிமின்னல் மிகும் இப்பிரதேசத்தில், பொதுக்கூரைமேல் நிறுத்தும் உலோகம் அயற் காம்பராக்களையும் ஆபத்துக்குள்ளாக்கும்.

எனவே, கையிலேந்தும் மூன்று கூறு யாகியே பொருத்தமானதென்பது எமது கருத்து. மரச்சட்டத்தில் ஏறக்குறைய ஒரு மீற்றர் நீள அலுமினியக் கம்பிகளைப் பொருத்தி இதனை ஆக்கலாம். முற்றத்தில் நின்று செய்மதியின் பாதை வழியே திருப்பலாம்; குரல் மங்கினால் சட்டத்தை அச்சிற் சுழற்றி மீட்கலாம். ஒருவர் ஏந்த மற்றொருவர் வாங்கியைக் கவனித்தல் நன்று. இடி கேட்டால் உள்ளே சென்றுவிட வேண்டும். ஒலிபரப்புவதாயின் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் உரிமம் அவசியம். நாம் இங்குக் கருதியது கேட்டலை மட்டுமே.

ஆக, சிறந்த அன்ரனா எது என்ற வினா, கூரை யாருடையது என்ற வினாவோடு பிணைந்துள்ளது. கையிலேந்தும் யாகி அவ்வினாவைத் தீர்ப்பதில்லை. அது தீரும்வரை காத்திராது கேட்கத் தொடங்குவதற்கு வழிசெய்கின்றது.