பழைய கதவும் புதிய கண்ணாடியும்

பாட்டனார் காலத்து வீடுகள் சிலவற்றில், தேக்கு வாசற்கதவின் மேற்பாதியில் கண்ணாடி பதித்திருப்பதை நீங்கள் கண்டிருக்கலாம். எங்கள் வீட்டிலும் அப்படியொரு கதவு உண்டு. அதன் கண்ணாடி உடைந்தபோது, புதிதாக ஒன்று வாங்கி, இம்மியும் இடைவெளி இல்லாமல் நானே கச்சிதமாகப் பொருத்தினேன். ஐப்பசி மழையில் ஒருநாள் காற்றில் கதவு அறைந்து சாத்திக்கொண்டது. கண்ணாடி விரிந்து, கத்திபோல் ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தது. அருகே விளையாடிக்கொண்டிருந்த தங்கை தப்பியது எங்கள் நற்பேறு.

தச்சுத் தொழில் செய்யும் என் மாமா வந்து பார்த்தார். “கண்ணாடியைச் சிறை வச்சுட்டியே, மருமகனே!” என்றார். அன்று அவரிடம் கற்றதையும், பின்னர் படித்தறிந்ததையும் இங்கே தருகிறேன்.

மரம் மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும், கோடையில் சுருங்கும். கதவை அறைந்து சாத்தினால் சட்டம் சற்றே முறுக்கிக்கொள்ளும். கண்ணாடியோ அவ்வாறு வளைந்துகொடுக்காது. ஆகவே சட்டத்தின் காடிக்கும் கண்ணாடி விளிம்புக்கும் இடையே நாற்புறமும் ஏறத்தாழ 2 மி.மீ. இடைவெளி வேண்டும். பழைய கதவுகள் பெரும்பாலும் மூலைமட்டத்திற்கு நிற்பதில்லை. எனவே அகலத்தையும் உயரத்தையும் மும்மூன்று இடங்களில் அளந்து, ஒவ்வொன்றிலும் மிகச் சிறிய அளவிலிருந்து 4 மி.மீ. கழித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, எந்தக் கண்ணாடி? சாதாரணக் கண்ணாடி கூரிய துண்டுகளாக உடையும். ‘டஃபன்ட்’ கண்ணாடி 600 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கி, காற்றைப் பாய்ச்சி விரைந்து குளிர்விக்கப்படுவது. அதன் மேற்பரப்பு அமுக்கவிசையிலும் உட்பகுதி இழுவிசையிலும் நிற்கின்றன. உடைந்தால் சிறு மணிகளாக உதிரும். வாசற்கதவுக்கு இதுவே தக்கது. ஆனால் பதப்படுத்திய பின் இதனை வெட்ட இயலாது; அளவு தவறினால் பணம் பாழ்.

பழைய கண்ணாடியை எடுக்கும்போது தடித்த கையுறையும் கண்காப்பும் அவசியம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்கைத் தாண்டலாகாது என்னும் நம் நாட்டு விதி 2016-இல் இயற்றப்பட்டு, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆதலால் உப்புத்தாளால் உலரத் தேய்த்துத் தூசி கிளப்பாமல், நனைத்துச் சுரண்டுவதே நன்று. குழந்தைகளை அருகே விடலாகாது.

இனி, மக்கு. சாக்குத்தூளை ஆளிவிதை எண்ணெயில் பிசைந்தால் மக்கு. இது நீர் வற்றி உலர்வதன்று. எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து இறுகுகிறது. வறண்ட மரத்தில் நேரே வைத்தால் மரம் எண்ணெயைக் குடித்துவிடும். மக்கு பொடிந்து உதிரும். ஆகவே காடிக்கு முதலில் பிரைமர் பூசிக் காயவிட வேண்டும். பிறகு மெல்லிய மக்குப் படுகையின் மேல் கண்ணாடியை அமர்த்தி, கீழ்விளிம்பில் இரண்டு ரப்பர் துண்டுகளை இட்டு, சிறு ஆணிகளால் நிறுத்த வேண்டும். வெளிப்புறம் மழைநீர் வழிந்தோடுமாறு மக்கைச் சரிவாக இழைக்க வேண்டும். அது மேலே தோல் கட்டியபின், கண்ணாடியின் மீதும் 2 மி.மீ. ஏறுமாறு பெயிண்ட் பூசினால் நீர் உட்புகாது.

இம்முறையில் பொருத்திய கண்ணாடி அடுத்த ஐப்பசியையும் தாங்கி நின்றது. நான் கச்சிதம் என்று நினைத்தது கச்சிதமன்று. அந்த 2 மி.மீ. இடைவெளியே கச்சிதம்.