ஜெல் நகப்பூச்சு: புண்ணாகாமல் அகற்றுவது எப்படி?

திருமண வீடு ஓய்ந்த மறுவாரம். எங்கள் பெண்கள் மதரஸாவில் ஓதும் மாணவி ஒருத்தி, பாடம் நடக்கும் நேரமெல்லாம் விரல் நுனிகளைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டே இருந்தாள். "கையில் என்னம்மா?" என்று கேட்டேன். சற்றுத் தயங்கி, நீட்டினாள். பத்து நகங்களில் ஆறு, மேல் ஏடு உரிந்து வெள்ளைத் திட்டுகளாய்க் காட்சியளித்தன. வலக் கட்டைவிரலில் நகத்தை ஒட்டிப் பிளேடு கீறிய காயம் வேறு.

"ராத்தாவின் நிக்காஹ்வுக்குப் பார்லரில் ஜெல் போட்டு விட்டார்கள், உஸ்தாபி. எனக்கு அப்போது தொழுகை இல்லாத நாட்கள். ஏழாம் நாள் குளிக்க வேண்டியிருந்தது. ரிமூவர் போட்டுத் தேய்தேயென்று தேய்த்தேன், போகவே இல்லை. மஃரிப் தவறிவிடுமே என்று வாப்பாவின் பிளேடை எடுத்துச் சுரண்டிவிட்டேன்" என்றாள்.

தொழுகை தவறிவிடக் கூடாதே என்று பதறிய பிள்ளையை நான் எவ்வாறு கடிந்துகொள்வேன்? எனினும், முறை தெரிந்திருந்தால் அந்தப் பிளேடுக்கு வேலையே இருந்திருக்காது. இரண்டு கைகளுக்கும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற காரியம்தான் அது. நம் வீடுகளில் இன்று பலருக்கும் இது தேவைப்படுவதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், சாதாரண ரிமூவர் ஏன் தோற்றுப்போகிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். நாம் நெடுங்காலமாக அறிந்த நகப்பூச்சு, நைட்ரோசெல்லுலோஸ் என்னும் பொருளை ஒரு திரவத்தில் கரைத்துச் செய்யப்படுவது. திரவம் ஆவியாகிப் போனால் பூச்சு காய்ந்துவிடும். அதேபோன்ற திரவம் மீண்டும் பட்டால் கரைந்துவிடும். ஜெல் பூச்சு அவ்வாறு காய்வதில்லை. அதில் அக்ரிலேட் வகையைச் சேர்ந்த சிறு மூலக்கூறுகள் இருக்கின்றன. புற ஊதாக் கதிர் விளக்கின் கீழே விரலை வைத்தவுடன் அவை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வலைபோல் இறுகிவிடுகின்றன. வலை கரைவதில்லை. அசிட்டோன் என்னும் திரவத்தில் ஊறினால் மட்டும் அது உப்பி, நகத்தின் மீதுள்ள பிடியைத் தளர்த்துகிறது. ஆகவே இங்கே தேவைப்படுவது தேய்ப்பதன்று, ஊறவைப்பது. 'அசிட்டோன் இல்லாதது' என்று அச்சிட்ட ரிமூவர் புட்டிகளை ஜெல்லுக்காக வாங்குவது வீண் செலவு.

அகற்றித்தான் ஆக வேண்டுமா என்று கேட்பவர்களும் உண்டு. சூரத்துல் மாயிதாவின் 6ஆம் வசனம் ஒளுவில் முகத்தையும், முழங்கை வரை கைகளையும், கால்களையும் கழுவப் பணிக்கிறது. நகமும் கையைச் சேர்ந்ததே. கால் நகமும் அப்படியே. மருதாணி நிறத்தை மட்டுமே விட்டுச் செல்வதால் தண்ணீருக்கு அது தடையன்று. ஜெல்லோ தனி ஓடு. அது இருக்கும் வரை ஒளுவும் நிறைவேறாது, கடமையான குளிப்பும் நிறைவேறாது. "ஒளுவோடு இருக்கும்போது பூசிக்கொண்டால் போதுமாமே, காலுறை மீது மஸஹ் செய்வதுபோல?" என்று ஒரு சகோதரி என்னிடம் கேட்டார். அந்த ஒளு முறியும் வரை தொழலாம், உண்மைதான். முறிந்த பின் அடுத்த ஒளுவுக்குப் பூச்சைக் களைந்தே ஆக வேண்டும். மஸஹின் சலுகை காலுறைக்கு உரியது. நகப்பூச்சுக்கு அது இல்லை.

இன்னொரு கணக்கையும் தாய்மார்கள் பார்க்க வேண்டும். ஜெல் பூச்சு இரண்டு வாரங்களுக்குக் குறையாமல் நிற்பதற்கென்றே செய்யப்பட்டது. மாதவிடாயின் உச்ச அளவு ஹனஃபி மத்ஹபில் 10 நாட்கள், ஷாஃபிஈ மத்ஹபில் 15 நாட்கள். பெரும்பாலான பெண்களுக்கு ஆறு, ஏழு நாட்களில் முடிந்துவிடுகிறது. ஆக, இரண்டு வாரப் பூச்சைப் பாதியிலேயே ஊறவைத்து எடுக்கும் நிலை வரும். மாதந்தோறும் இப்படிச் செய்தால் நகம் என்னவாகும்? அந்த நாட்களில் ஆசைக்குப் பூசிக்கொள்ள வேண்டுமென்றால் ஐந்து நிமிடத்தில் கரைகிற பழைய பூச்சே போதுமானது என்பது என் கருத்து. இதைச் சொன்னால் எங்கள் மாணவிகள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

இனி அகற்றும் முறைக்கு வருவோம். தூய அசிட்டோன், பஞ்சு, சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாள், வாஸ்லின், நகம் தேய்க்கும் அரம், முனை மழுங்கிய மரக்குச்சி ஆகியவை போதும். அசிட்டோன் கிடைக்கவில்லை என்று பெயிண்ட் தின்னரையோ பெட்ரோலையோ எடுத்துவிடாதீர்கள். அவற்றில் உடலுக்குக் கேடான வேறு பொருட்கள் கலந்திருக்கும்.

எங்கே உட்கார்ந்து செய்கிறோம் என்பதே யாவற்றிலும் முக்கியமானது. அசிட்டோன் எளிதில் தீப்பற்றும் பொருள். பனிக்கட்டியைவிடக் குளிர்ந்த நிலையிலும் தீப்பற்றத்தக்க ஆவியை அது வெளியிடுகிறது. 56 பாகை செல்சியஸில் கொதித்துவிடும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாகத் தவழ்ந்து அடுத்த அறையிலுள்ள நெருப்பையும் எட்டக்கூடும். ஆகவே அடுப்படியில் வேண்டவே வேண்டாம். கொசுவர்த்திச் சுருள், ஊதுபத்தி, வெள்ளி இரவில் போடும் சாம்பிராணி ஆகிய எதுவும் அந்நேரம் வீட்டில் எரியக் கூடாது. பீடி, சிகரெட் பிடிப்பவர் இருந்தால் வெளியே அனுப்பிவிடுங்கள். சன்னல்களைத் திறந்து, காற்றோட்டமுள்ள இடத்தில் அமருங்கள். சூடாக்கினால் சீக்கிரம் வேலை செய்யும் என்று எவரேனும் சொல்லிக்கொடுத்தால் கேளாதீர்கள். அசிட்டோனை அடுப்பில் காட்டுவது வீட்டைக் கொளுத்துவதற்கு ஒப்பாகும். அதை ஊற்றக் கண்ணாடி அல்லது பீங்கான் கிண்ணம் நல்லது. சில வகை பிளாஸ்டிக்கை அது உருக்கிவிடும். மேசையின் வார்னிஷையும் விட்டுவைக்காது என்பதால் கீழே ஒரு பழைய துணியை விரித்துக்கொள்ளுங்கள்.

நகங்களைக் குட்டையாக வெட்டிக்கொண்டால் வேலை பாதியாகும். பிறகு அரத்தால் பூச்சின் மேற்பரப்பை மெதுவாக உரசி, பளபளப்பு போனவுடன் நிறுத்திவிட வேண்டும். அசிட்டோன் உள்ளே இறங்க வழி செய்வதே இதன் நோக்கம். பூச்சு முழுவதையும் அரத்தால் எடுத்துவிட முயன்றால் நகமும் சேர்ந்து தேயும். பறக்கும் தூளை மூச்சில் இழுக்காமல், ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். நகத்தைச் சுற்றியுள்ள தோலில் வாஸ்லின் தடவுங்கள். அசிட்டோன் தோலின் எண்ணெய்ப் பசையை உறிஞ்சி வறட்டிவிடும். ஆனால் நகத்தின் மேல் வாஸ்லின் படக் கூடாது. பட்டால் அந்த இடத்தில் பூச்சு ஊறாது.

நக அளவுக்குக் கிள்ளிய பஞ்சை அசிட்டோனில் நனைத்து நகத்தின் மேல் வைத்து, அலுமினியத் தாளை விரல் நுனியில் இறுக்கமாகச் சுற்றிவிடுங்கள். ஒரே சமயத்தில் ஒரு கைக்கு மட்டும் செய்வது நல்லது. பத்து விரல்களையும் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால், குழந்தை அழுதாலும் வாசலில் ஆள் வந்தாலும் கையாலாகாமல் நிற்க வேண்டியிருக்கும். 10 முதல் 15 நிமிடம் அப்படியே இருக்கட்டும். பிறகு ஒரு விரலை மட்டும் அவிழ்த்துப் பாருங்கள். பூச்சு சுருங்கி, ஓரங்களில் தூக்கிக்கொண்டு நின்றால் பக்குவம் வந்துவிட்டது என்று பொருள். மரக்குச்சியால் நகத்தின் அடியிலிருந்து நுனியை நோக்கி மெல்லத் தள்ளினால் ஏடாகக் கழன்று வரும். எங்கே தடை தெரிகிறதோ அங்கே கையை நிறுத்திவிடுங்கள். மீண்டும் பஞ்சு வைத்து ஐந்து நிமிடம் கட்டுங்கள்.

அந்த ஐந்து நிமிடப் பொறுமை இல்லாமைதான் நகங்களைப் பாழாக்குகிறது. நகம் என்பது கெராட்டின் என்னும் புரதத்தாலான ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி அமைந்தது. அதன் மொத்தக் கனமே ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். இறுகப் பிடித்திருக்கும் ஜெல்லைப் பிய்க்கும்போது நகத்தின் மேலேடும் அதோடு வந்துவிடுகிறது. என் மாணவியின் விரலில் நான் கண்ட வெள்ளைத் திட்டுகள் அவைதாம். உரிந்த ஏடு திரும்ப ஒட்டாது. புதிய நகம் வளர்ந்து வந்து பழையதைத் தள்ள வேண்டும். கைவிரல் நகம் மாதத்திற்குச் சுமார் 3 மில்லிமீட்டரே வளர்வதால், அடியிலிருந்து நுனி வரை மாற ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். கால் நகத்திற்கு ஓராண்டும் அதற்கு மேலும் ஆகலாம்.

நிறம் போய்விட்டதே என்று எழுந்துவிடாதீர்கள். ஜெல் பூசும்போது நிறத்திற்கு அடியில் நிறமற்ற அடிப்பூச்சு ஒன்றைப் போடுகிறார்கள். கண்ணுக்கு அது தெரியாது, ஆனால் தண்ணீரைத் தடுக்கும். தொழுகையைப் பொறுத்தவரை நிறமுள்ள பூச்சும் நிறமற்ற பூச்சும் ஒன்றே. கையைச் சோப்பிட்டுக் கழுவித் துடைத்து, வெளிச்சத்தில் நகத்தைச் சாய்த்துப் பாருங்கள். வெறும் நகம் மங்கலாகவும், அடிப்பூச்சு எஞ்சிய இடம் கண்ணாடித் துண்டுபோல் மினுங்கியும் தெரியும். விரலால் தடவினால் விளிம்பு தட்டுப்படும். அந்த இடத்திற்கு மட்டும் மறுபடி பஞ்சு வைத்தால் போதும். எல்லாம் முடிந்தபின் தேங்காய் எண்ணெயோ வாஸ்லினோ தடவி வாருங்கள். வாஸ்லினைக் கெட்டியாக அப்பியிருந்தால், ஒளுவுக்கு முன் சோப்பால் கழுவிவிடுவது பேணுதலானது.

இந்த முறைக்குக் கட்டுப்படாத பூச்சுகளும் உண்டு. நகத்தை நீட்டிக் கட்டுவதற்கான 'ஹார்டு ஜெல்' அசிட்டோனில் ஊறாது. அதைத் தேய்த்தே எடுக்க வேண்டும் என்பதால், போட்டுவிட்ட இடத்திலேயே எடுத்துக்கொள்வது நல்லது. பார்லரில் விரலை நீட்டும் முன்பே "இது ஊறவைத்து எடுக்கக்கூடியதா?" என்று கேட்டுவிடுங்கள். நகச்சுற்று, சீழ், வெட்டுக்காயம் உள்ள விரலில் அசிட்டோன் வைக்காதீர்கள். பூச்சு கழன்றபின் நகம் பச்சையாகவோ, சதையிலிருந்து பிரிந்து வெள்ளையாகவோ தெரிந்தால், மறுபடி பூசி மறைக்காமல் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அறுவை சிகிச்சையோ பிரசவமோ எதிர்நோக்கி இருப்பவர்கள் முன்னதாகவே பூச்சை எடுத்துவிடுவது நன்று. விரலில் மாட்டி இரத்தத்தின் ஆக்ஸிஜனை அளக்கும் கருவி, கறுப்பு, நீலம் போன்ற அடர்நிறப் பூச்சின் மேல் தவறாகக் காட்டக்கூடும்.

விரல் நுனி அரித்துச் சிவந்து வெடித்தால் அது ஒவ்வாமையாக இருக்கலாம். ஜெல்லில் சேர்க்கப்படும் ஹெமா என்னும் அக்ரிலேட் இதற்குப் பெயர் பெற்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் அதைத் தொழில்முறையாளர் மட்டுமே நகத்தில் பயன்படுத்தலாம் என்று வரையறுத்தது. இந்த ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் நீங்குவதில்லை. பல் அடைப்பதற்கும், எலும்பு மூட்டு மாற்றுவதற்கும் அக்ரிலேட் வகைப் பொருட்களையே மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள் என்பதால், நகத்தில் தொடங்கிய தொல்லை முதுமை வரை தொடரலாம். வீட்டில் விளக்கு வாங்கி வைத்துத் தாமே பூசிக்கொள்ளும் இளம்பெண்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். இறுகாத ஜெல் தோலில் படுவதுதான் பெரும்பாலும் ஒவ்வாமைக்குக் காரணமாகிறது.

வேலை முடிந்ததும் நனைந்த பஞ்சையும் தாளையும் அடுப்படிக் குப்பைக் கூடையில் போடாமல், நெருப்பில்லாத திறந்த வெளியில் உலரவிட்டு அப்புறப்படுத்துங்கள். மீதியுள்ள அசிட்டோனைத் தண்ணீர்ப் புட்டியிலோ சர்பத் புட்டியிலோ ஊற்றி வைக்காதீர்கள். பார்வைக்கு அது தண்ணீர் போலவே இருக்கும். 1980களில் அமெரிக்காவில், செயற்கை நகங்களை அகற்றும் திரவம் ஒன்றைக் குடித்த குழந்தை இறந்தது. அதிலிருந்தது அசிட்டோனன்று, அசிட்டோநைட்ரைல் என்னும் வேறொரு பொருள். அது உடலுக்குள் சென்று சயனைடாக மாறுகிறது. ஒலியில் இரண்டு பெயர்களும் ஒன்றுபோல் இருப்பதால், வாங்கும்போது புட்டியின் மேலுள்ள பெயரை முழுவதுமாகப் படியுங்கள். அசிட்டோனும் குழந்தையின் வயிற்றுக்கு நஞ்சே. அதன் சொந்தப் புட்டியிலேயே மூடியை இறுக்கி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில், அடுப்புக்குத் தொலைவாக வையுங்கள்.